வைட்டமின் டி-யும் மூச்சுக்குழாயின் உட்சுவரும்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா. மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பை வைட்டமின் டி உறுதிப்படுத்துகிறது என்று படித்தேன். வாரம் ஒருமுறை 60,000 யூனிட் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தால் இன்ஹேலரைக் குறைத்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அதிலிருந்து நேராக இன்ஹேலருக்கு வந்துவிட முடியாது.

மூச்சுக்குழாயின் உட்பரப்பிலுள்ள செல்களை, அவற்றின் மேல்விளிம்பை ஒட்டி ஆக்லுடின், கிளாடின் போன்ற புரதங்கள் இறுகப் பூட்டி வைத்திருக்கின்றன. சற்றுக் கீழே ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம் செல்லைச் செல்லோடு பிடித்து நிறுத்துகிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியின் எச்சத்தில் இருக்கும் டெர் பி 1 என்ற நொதி ஆக்லுடினை அறுத்து, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்கள் சுவரைக் கடந்து உள்ளே இறங்க வழிசெய்கிறது. சிகரெட் புகையும் இந்தப் பூட்டுகளைத் தளர்த்துகிறது.

வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலை சிறுநீரகத்துடையது என்றே பாடநூலில் படித்திருப்போம். மூச்சுக்குழாய்ச் செல்களிடமும் அதற்கான நொதி இருக்கிறது. ஆய்வகத்தில் இச்செல்களை மெல்லிய சவ்வின்மேல் வளர்த்து, அந்தப் படலம் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையை அளக்கிறார்கள். பூட்டு தளர்ந்தால் தடை குறையும். சிகரெட் புகைச் சாறு பட்ட செல்களில், வைட்டமின் டி சேர்த்தபோது இந்தச் சரிவு மட்டுப்பட்டது. இங்கேதான் கவனம் வேண்டும். பெரும்பாலும் இச்சோதனைகளில் செயல்படும் வடிவத்தையே நேரடியாகச் செல்களின்மேல் விடுகிறார்கள். அதன் செறிவோ நம் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரை விழுங்கி அந்த அளவை எட்ட முடியாது.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் இதைவிட அடக்கமாகவே பேசுகின்றன. வைட்டமின் டி குறைந்திருந்த ஆஸ்துமாக்காரர்கள் 408 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு இன்ஹேலருடன் இந்த வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்தும் நோய் கட்டுமீறுவது குறையவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2016-இல் நம்பிக்கை அளித்தது. கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்து 2023-இல் திருத்தியபோது, ஆஸ்துமா தாக்குதல்கள் குறைவதற்குச் சான்றில்லை என்றது.

ஆகவே முதலில் ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி (உடலில் இந்த வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வடிவம்) அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால், எலும்புக்காகவேனும் அதை ஈடுகட்டத்தான் வேண்டும். ஆனால் 60,000 யூனிட் என்பது மருத்துவர் சில வாரங்களுக்கென்று எழுதித் தரும் அளவு. அதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கினால், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடக்கூடும். இன்ஹேலரைப் பொறுத்தவரை, சுமார் மூன்று மாதங்கள் ஆஸ்துமா நன்கு கட்டுக்குள் இருந்த பிறகே, அளவைக் குறைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.