பன்னிரண்டாம் அத்தியாயம்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. பொங்கல் விடுமுறையில் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தை வாசித்தேன். ஸ்டீவ் ஜாப்ஸ் வருஷா வருஷம் படித்த நூல் என்று கேள்விப்பட்டு எடுத்தது. மூன்று நாளில் முடித்துவிட்டு உடனே மறுபடி தொடங்கினேன். இதுபோல வேறெந்தப் புத்தகமும் என்னை உலுக்கியதில்லை.

சில கேள்விகள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் தோன்றுவது, தூங்காத துறவி, சமாதியான குரு உடலோடு திரும்பி வருவது போன்றவற்றை அப்படியே நம்புவதா, உருவகமாக எடுத்துக்கொள்வதா? நான் இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் தியானத்தில் உட்காருகிறேன். கால் மரத்துப்போகிறதே தவிர ஒரு அனுபவமும் இல்லை. குரு இல்லாததுதான் காரணமா? ஜூனில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு இமயமலைப் பக்கம் போய்ச் சில மாதங்கள் தேடிப்பார்க்க முடிவு செய்திருக்கிறேன். கடன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. மே கடைசியில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது. அதைத் திருப்பூரில் இருக்கும் தங்கை பார்த்துக்கொள்வாள். ஆகவே தடை ஒன்றுமில்லை. உங்கள் கருத்து என்ன?

கா.

அன்புள்ள தம்பி,

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டேன். உங்கள் கடிதம் வந்த வாரம் அதே புத்தகம் என் மேசை மேல்தான் இருந்தது. நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருப்பேனா தெரியாது.

ஸ்டீவ் ஜாப்ஸ் படித்தார் என்பதை விட்டுவிடுவோம். அவர் படித்ததால் நூலுக்கு ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

அற்புதங்கள் பற்றியும் என்னிடம் அதிகம் இல்லை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நாளைக் காலை அந்தப் பாயில் உட்காரும்போது உங்கள் முதுகு அதே முதுகுதான். வாசிக்கும்போது மனம் விரிகிறதா, விரியட்டும். அதற்கு மேல் அந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

முகுந்தன் என்ற பையன் காசியில் ஒரு சந்தில் காவி உடுத்திய ஒருவரைப் பார்க்கிறான். கால்கள் நகர மறுக்கின்றன. அவர்தான் ஸ்ரீ யுக்தேஸ்வர். 1910-ல் பையனுக்கு 17 வயது. 1920-ல் அவன் யோகானந்தராக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறான். நடுவில் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தின் அன்றாடம் நூலில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எண்ணிப்பார்த்தீர்களா? 49 அத்தியாயங்களில் முக்கியமாக ஒன்று, பன்னிரண்டாவது. குருவின் ஆசிரமத்தில் கழிந்த ஆண்டுகளைப் பற்றியது. அப்புறம் இங்குமங்கும் சில பக்கங்கள்.

அதில் தவறில்லை. சுயசரிதம் எழுதுபவருக்கு வேறு வழி கிடையாது. விடியற்காலையில் எழுந்தேன், உட்கார்ந்தேன், மனம் ஓடியது, திரும்ப இழுத்தேன், முற்றத்தைப் பெருக்கினேன், திட்டு வாங்கினேன் என்று மூவாயிரம் நாளை யாரால் எழுத முடியும்? எழுதினால் யார் படிப்பார்கள்? ஒரு நாள் நடந்த அதிசயத்துக்குப் பத்துப் பக்கம் கிடைக்கும். தினமும் நடந்ததற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். நூல் வெளிவந்த 1946-ல் அவருக்கு 53 வயது. அத்தனை ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கிறவருக்கு மலை உச்சிகள்தான் கண்ணில் படும். நீங்கள் அந்த உச்சிகளை மட்டும் வரிசையாக மூன்று நாளில் படித்துவிட்டு, நமக்கு ஏன் மூன்றாம் மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த ஒற்றை வரியை மூவாயிரம் நாளாக விரித்துப் படிக்கத் தெரிந்தால்தான் தம்பி, சாதகன் படிப்பு.

இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். இந்தக் குருமார் கற்பித்த தியான முறையான கிரியா யோகத்துக்கு என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. விளக்கம் நிறைய வருகிறது, பயிற்சியை மட்டும் சொல்வதில்லை. அதை முறைப்படி கற்றவரிடம் நேரில்தான் பெற வேண்டும் என்று நிறுத்திக்கொள்கிறார். நூலின் நடு வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நானும் அப்படி நினைத்தவன். 1987-ல் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு டெய்லர் அண்ணாச்சி இருந்தார். அவர் கடையில்தான் இந்தப் புத்தகத்தை முதலில் பார்த்தேன். அட்டை போய்விட்டதால் காக்கித் துணி வைத்து அவரே தைத்திருந்தார். காலையில் நாலு மணிக்கெல்லாம் எழுந்து உட்காருவார் என்று அவர் வீட்டு அத்தை சொல்லித்தான் தெரியும். அவராக எதுவும் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ராத்திரியோடு ராத்திரியாகப் படித்தேன். எனக்கு 21 வயது. ஏப்ரல் கடைசியில் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டு ரிஷிகேசத்துக்கு ரயில் ஏறினேன்.

அங்கே 19 நாள் இருந்தேன். காலையில் கங்கைக் கரைக்குப் போவேன், சந்து சந்தாக நடப்பேன். காவி உடுத்திய யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டாயா என்று கேட்பார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். எல்லாக் காவி முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். காசு தீர்ந்தது, காய்ச்சல் வந்தது, திரும்பினேன். அதற்குள் அப்பா எனக்காக இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றிருக்கிறார். அம்மா பேசவே இல்லை, சோற்றை மட்டும் வைத்தாள்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போனேன். திட்டுவார், அல்லது குறைந்தபட்சம் இமயமலை எப்படி இருந்தது என்றாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். தலையைத் தூக்கி, "சாப்ட்டியாடே?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "அப்ப இதைப் பிரி" என்று அளவு தப்பிய ஒரு டவுசரைத் தூக்கிப் போட்டார். மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, கடை முழுக்க யூனிபார்ம் துணி. ராத்திரி பத்து மணி வரை தையல் பிரித்தேன். மறுநாள் பட்டன். அதற்கு மறுநாள் காஜா முடித்த சட்டைகளில் நூல் வெட்டுவது. இப்படியே மூன்று வாரம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, இத்தனை வருசமா உக்காருதீங்களே, என்ன தெரிஞ்சுது?"

பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார். "காஜா எடுக்கும்போது நூல் அறுந்தா முந்தியெல்லாம் கோவம் வரும். இப்ப அவ்வளவு வரல."

எனக்கு ஏமாற்றத்தில் அழுகை வந்தது. ஜோதி, நாதம் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தவன் நான்.

பல வருஷம் கழித்து, அவர் போன பிறகு, அந்தக் காக்கி அட்டைப் புத்தகம் என்னிடம் வந்தது. மூடி வைத்துப் பார்த்தால் பக்க ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். மிஷின் எண்ணெய் பட்ட விரல்கள் திரும்பத் திரும்பப் புரட்டியதால் வந்த கறுப்பு. அங்கே விரலை வைத்துத் திறந்தேன். அற்புதக் கதைகள் வரும் பக்கங்களெல்லாம் புதுக் கருக்கோடு இருந்தன. பன்னிரண்டாம் அத்தியாயமும் அடுத்த இரண்டும் எண்ணெயில் ஊறிப்போயிருந்தன.

நீங்கள் இரண்டு தடவை படித்ததாகச் சொன்ன அதே அத்தியாயங்கள்தான். என்ன நடக்கிறது அங்கே? ஒரு கொசு கடிக்கிறது. முகுந்தன் அடிக்கக் கை ஓங்குகிறான், அகிம்சை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொள்கிறான். மனதில் ஏற்கனவே கொன்றுவிட்டாயே, வேலையை முடிக்க வேண்டியதுதானே என்கிறார் குரு. இப்படி நாள் முழுக்கத் திருத்தம். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தாங்க முடியாமல் ஓடிப்போன சீடர்கள் உண்டு. நமக்குக் குரு வேண்டும் என்று சொல்லும்போது நாம் யாரைக் கேட்கிறோம்? தலையில் கை வைத்து ஜோதி காட்டுகிறவரையா, கொசுவை மனதில் கொன்றதைக் கண்டுபிடிக்கிறவரையா? ஆபீசில் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நாள் தூக்கம் போகிறதே, யுக்தேஸ்வரிடம் ஒரு வாரம் இருந்திருப்போமா?

பிறகு முகுந்தனுக்கும் உங்களைப் போலவே இமயம் இழுக்கிறது. குரு இவ்வளவுதான் சொல்கிறார்: மலையில் எத்தனையோ பேர் காலங்காலமாக வாழ்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஞானம் வந்துவிட்டதா? கேட்காமல் கிளம்புகிறான். தாரகேசுவரத்துக்கு அப்பால் வயல்வெளியில் வழி தவறி அலைந்து, நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தூங்காத துறவியை, ராம் கோபாலைக் கண்டடைகிறான். அவர் தூங்காததைப் பிடித்துக்கொண்டீர்களே, அவர் கேட்ட கேள்வியை ஏன் விட்டீர்கள்? கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க உனக்கு ஒரு சின்ன அறை உண்டா என்கிறார். உண்டு என்கிறான். அதுதான் உன் குகை என்கிறார்.

பையன் கூனிக் குறுகித் திரும்பி வருகிறான். குரு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வா, அடுக்களையில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்கிறார். அந்தப் பக்கத்தில்தான் கறுப்பு மிக அதிகம். அண்ணாச்சி அன்றைக்கு என்னிடம் என்ன கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுக்கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து அழுதேன்.

அதே அத்தியாயத்தில் நீங்கள் ஏங்கும் அந்தப் பெரிய அனுபவம் வருகிறது. குரு மார்பில் லேசாகத் தொடுகிறார், உடலின் எல்லை கரைகிறது, பிரபஞ்சமே உள்ளே விரிகிறது. சரி, முடிந்தவுடன் என்ன?  வா, மாடத்தைப் பெருக்கலாம், பெருக்கிவிட்டுக் கங்கைக் கரையில் நடக்கலாம் என்கிறார் குரு. முகுந்தன் போய்த் துடைப்பத்தை எடுத்து வருகிறான். இதை அந்த அத்தியாயத்தின் அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். அந்த அனுபவத்துக்கும் பெருக்குவதற்கும் நடுவில் அவர் ஒரு நாள் இடைவெளிகூட விடவில்லை. அங்கே நின்று படியுங்கள்.

இந்தப் பரம்பரையில் யுக்தேஸ்வருக்கே குருவான லாஹிரி மகாசயர் என்ன வேலை பார்த்தார் என்று கவனித்தீர்களா? ராணுவப் பொறியியல் துறையில் கணக்கர். உங்கள் வேலைதான். 1861-ல் ராணிகேத் மலையில் தன் குரு பாபாஜியிடம் தீட்சை பெற்று, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சியவரைத் திருப்பி ஆபீசுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளிடமும் அனுப்பிவைத்தார்கள். 1886-ல் பென்ஷன் வாங்கும்வரை வேலை பார்த்தார். காசியில் முகுந்தனைக் கண்டெடுத்த யுக்தேஸ்வரும் முதலில் சொன்னது கல்கத்தாவுக்குத் திரும்பிப் போ என்றுதான். மனிதகுலத்தின் மீதெல்லாம் அன்பு வைக்கப்போகிறவன் சொந்தக்காரர்களை மட்டும் ஏன் விலக்குகிறாய் என்று கேட்டார். பிறகு காலேஜில் சேர வைத்தார். பையன் 1915-ல் பி.ஏ. முடித்தான்.

போகவே கூடாது என்று எல்லோருக்கும் சொல்ல நான் யார்? 1935 நவம்பரில் யோகானந்தர் திருவண்ணாமலைக்கு வந்தபோது மக்களை ஆன்மிகத்தில் உயர்த்த என்ன வழி என்று ரமணரைக் கேட்டார். ஆளுக்கு ஆள் பக்குவம் வேறு, கூட்டத்துக்கென்று ஒரே உபதேசம் கிடையாது என்ற பொருளில் பகவான் பதில் சொன்னார். ஆகவே உங்கள் ஒருவருக்காக, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரிக்காக மட்டும் சொல்கிறேன்.

'அதைத் தங்கை பார்த்துக்கொள்வாள்.' கண்புரை ஆபரேஷன் அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு நாலைந்து வாரம் சொட்டு மருந்து இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை, போகப்போகக் குறையும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் சில நிமிடம் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை கழுவ வேண்டும். அம்மா தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட வேண்டும். வயதானவர்கள் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள், மருந்து கன்னத்தில் ஓடும், மறுபடி விட வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனிந்து எதையும் தூக்க விடக் கூடாது, ராத்திரி அந்தக் கண்ணைத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திருப்பூரில் குடும்பம் நடத்தும் பெண் கோவையில் இருக்கும் அம்மாவுக்கு இதை எப்படிச் செய்வாள்? அவளிடம் கேட்டீர்களா, நீங்களாக எழுதிவிட்டீர்களா?

ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், கிழிக்க வேண்டாம். மே கடைசியில் லீவு போடுங்கள். காலையில் வழக்கம்போல உட்காருங்கள், கால் மரத்தால் மரக்கட்டும். எழுந்ததும் முதல் சொட்டு. ஜூலையில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். தியானத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டபோது, ஆறாவது தடவையும் ஏழாவது தடவையும் மருந்து வெளியே ஓடியபோது, உங்கள் குரல் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.