பெரிய பதாகையைக் கூடைப்பந்தாட்ட அரங்குக்குள் கொண்டுபோகலாமா?

தம்பி, ஹாம் நகரில் வளர்ந்து, சனிக்கிழமைதோறும் டோர்ட்முண்ட் உதைபந்தாட்ட அரங்கின் தெற்கு மேடையில் நின்று தொண்டை கட்டியவர் நீங்கள். இப்போது வேலைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் வந்து, கிளிப்பர்ஸ் அணியின் கூடைப்பந்தாட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள்: "இவ்வளவு பெரிய அரங்கில் ரசிகர்கள் கையால் தீட்டிய ஒரு துணிகூட இல்லை. நாங்கள் அங்கே செய்ததை இங்கே செய்தால் விடுவார்களா? அமெரிக்கர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?"

முன்கூட்டியே கேட்டால் ஓரளவுக்கு விடுவார்கள். அமெரிக்கர்கள் கைதட்டுவார்கள், கைபேசியில் படம் எடுப்பார்கள், பிறகு உட்கார்ந்துவிடுவார்கள். அனுமதி வாங்குவதைவிட அவர்களை மறுபடி எழுப்புவதுதான் உங்களுக்குப் பெரும்பாடாக இருக்கும்.

நான் போர்ட்லாந்தில் இருக்கிறேன். இங்கே ஆற்றுக்கு மேற்கே புரொவிடன்ஸ் பார்க்கில் டிம்பர்ஸ் உதைபந்தாட்டம். கிழக்கே மோடா சென்டரில் டிரெயில் பிளேசர்ஸ் கூடைப்பந்தாட்டம். நடுவில் ஒரு ரயில் பயணம் மட்டுமே. மேற்கே 'டிம்பர்ஸ் ஆர்மி' ரசிகர் கூட்டம் ஆட்டம் முழுக்க நின்றபடி பாடும். உள்ளூர் அணி கோல் போட்டால் ஒருவர் சங்கிலி வாளால் மரக்கட்டையிலிருந்து ஒரு வட்டத்தை அறுத்துத் தூக்கிக் காட்டுவார். அங்கே எழும் டிஃபோக்களை, அதாவது ரசிகர்கள் விரிக்கும் மாபெரும் பதாகைகளை, நீங்கள் பார்த்தால் உங்கள் ஊர்க்காரர்களே வந்து தீட்டினார்கள் என்று நினைப்பீர்கள். அதே ஆட்கள் ஆற்றைக் கடந்து கூடைப்பந்தாட்டம் பார்க்கப் போனால், திரையில் 'சத்தம் போடுங்கள்' என்று எழுத்து வரும்வரை சோளப்பொரியோடு அமைதியாக இருப்பார்கள். ஆகையால் "அமெரிக்கர்களுக்கு இதெல்லாம் வராது" என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். ஆள் ஒன்றுதான், வீடுதான் வேறு.

அந்த வீட்டின் கணக்கைப் பாருங்கள். ஜெர்மனியின் உதைபந்தாட்டத் தொடரான பண்டஸ்லீகாவில் ஒரு பருவத்துக்கு 17 உள்ளூர் ஆட்டங்கள். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்பிஏவில் 41. ஒவ்வொன்றுக்கும் துணி தீட்டப் புறப்பட்டால் குடும்பம் உங்களைத் தேடி அலைய வேண்டியதுதான். உதைபந்தாட்டத்தில் 45 நிமிடம் இடைவிடாமல் ஓடும். காப்போ, அதாவது கூட்டத்தைப் பாடவைப்பவர், ஒரு பாட்டை எடுத்தால் வளர்த்துக்கொண்டே போகலாம். இங்கே ஒவ்வோர் அணிக்கும் ஏழு இடைநிறுத்தம். ஒவ்வொன்றிலும் இசை, நடனம், பார்வையாளர்களை நோக்கிச் சட்டைகளைச் சுடும் துப்பாக்கி. ஆட்டம் நடக்கும்போதும் ஒலிபெருக்கி ஓயாது. மேளம் கொண்டுபோனாலும் அதோடு போட்டிபோட முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வெளிச்சம். டோர்ட்முண்டில் வீரர்கள் நடந்துவரும்போது பதாகை எழும். 2013 ஏப்ரலில் மலகாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், தொலைநோக்கியில் கோப்பையைத் தேடும் அந்த மாபெரும் மனிதன் எழுந்தது அந்த நேரத்தில்தான். என்பிஏவில் வீரர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படும்போது அரங்கையே இருட்டாக்கிவிடுவார்கள். நீங்கள் மாதக்கணக்கில் தீட்டியது யார் கண்ணிலும் படாது. அதற்கு முன் தேசிய கீதம். அந்த நேரத்தில் துணியை விரித்தால் நண்பர்களைவிட எதிரிகளைத்தான் சம்பாதிப்பீர்கள். மிஞ்சுவது, விளக்குகள் திரும்ப எரிந்து பந்தை மேலே வீசும்வரை உள்ள சொற்ப நேரம். அதற்குள் ஏற்றி இறக்கக்கூடிய அளவுக்குத்தான் உங்கள் பதாகை இருக்க வேண்டும். இறக்கத் தாமதமானால், பின்வரிசையில் பெருங்காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் பாதுகாவலரைக் கூப்பிடுவார். அவர்மேல் எனக்குக் கோபமும் வராது.

கூடைப்பந்தாட்டத்துக்கும் பதாகைக்கும் ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. பெல்கிராடில் ரெட் ஸ்டார், பார்ட்டிசான் ஆட்டங்களையோ, ஏதென்ஸில் பனதினாய்கோஸ் ஆட்டத்தையோ பாருங்கள். கூரைக்குக் கீழேயும் அதே கொடிகள், அதே பாட்டுகள். காரணம், அங்கே கழகம் ஒன்று, விளையாட்டுகள் பல. உதைபந்தாட்ட மேடையில் நிற்கும் கூட்டமே கூடைப்பந்தாட்ட அரங்குக்கும் வருகிறது. பனதினாய்கோஸின் 'கேட் 13' ரசிகர் குழு 1966 முதல் இருக்கிறது. எந்தப் பந்து என்று அது பார்ப்பதில்லை.

இங்கே அணி என்பது ஒருவருடைய சொத்து. ஜெர்மனியில் 50+1 விதிப்படி வாக்குப் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. கிளிப்பர்ஸை ஸ்டீவ் பால்மர் 2014இல் 200 கோடி டாலருக்கு வாங்கினார். அந்த அணி பஃபலோவில் பிறந்து, 1978இல் சான் டியேகோ போய், 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தது. எங்கள் பக்கத்துச் சியாட்டில் 2008இல் தன் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குப் பறிகொடுத்தது. நாளை மூட்டை கட்டிக்கொண்டு போகக்கூடிய ஒன்றைப் பார்த்து "நாங்கள்தான் கழகம்" என்று துணியில் எழுத எவருக்கும் கை கொஞ்சம் கூசும். கூரையிலிருந்து தொங்குபவைகூட அணி நிர்வாகம் தொங்கவிட்ட வெற்றிக் கொடிகள்தான். லேக்கர்ஸோடு ஒரே அரங்கைப் பகிர்ந்த காலத்தில், 2013இல், கிளிப்பர்ஸ் தங்கள் ஆட்ட நாட்களில் லேக்கர்ஸ் கொடிகளைத் தம் வீரர்களின் பெரிய படங்களால் மறைத்தார்கள். அல்ட்ராக்கள் எனப்படும் தீவிர ரசிகர்கள் செய்யவேண்டிய குறும்பைப் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸின் யோசனைப்படி அலுவலகமே செய்து முடித்துவிட்டது!

உங்களுக்கு முன்பும் ஒருவர் முயன்றிருக்கிறார். மில்வாக்கி பக்ஸ் அணிக்கு ஆடிய ஆண்ட்ரூ போகட், குரோவேஷியப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அரங்கு தூங்குவதைப் பார்த்துச் சலித்துப்போய், 2009இல் தன் காசில் 100 டிக்கெட் வாங்கி, கத்தக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்து 'ஸ்குவாட் 6' என்று ஒரு கூட்டத்தை உட்கார வைத்தார். இல்லை, நிற்க வைத்தார். ஆறு என்பது அவருடைய சட்டை எண். 2012இல் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். யோசனை அருமையானது, ஆனால் ஒரு வீரரின் எண்ணையும் பணப்பையையும் நம்பி ரசிகர் குழு தொடங்கினால் அவர் போகும் நாளில் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

உங்களுக்கு வாய்த்த அரங்கோ மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படக்கூடியது. 2024இல் திறந்த இன்டுயிட் டோமில் ஒரு கூடைக்குப் பின்னால் 'தி வால்' (சுவர்) என்று 51 வரிசைகள், நடுவில் சொகுசு அறைகள் குறுக்கிடாமல் ஒரே சரிவாக எழுகின்றன. எதிரணிச் சட்டையோடு அங்கே உட்கார முடியாது. அந்தச் சரிவைப் பார்த்ததும் உங்களுக்குத் தெற்கு மேடை நினைவுக்கு வந்திருக்கும். அதற்குத் துணியைவிட அட்டைதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு வண்ண அட்டை. சைகை கிடைத்ததும் எல்லோரும் தலைக்கு மேல் பிடித்தால் படம் தெரியும், சில நொடிகளில் மறையும். கம்பமும் கயிறும் வேண்டாம். ஆனால் கதவு திறக்குமுன் அட்டைகளை வைக்க வேண்டும் என்பதால் நிர்வாகத்தின் சம்மதம் கட்டாயம்.

அமெரிக்கர்களுக்கு இதில் சொந்த மரபும் உண்டு, அதைப் பழிக்காதீர்கள். கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எதிரணி வீரர் தண்ட எறிதலுக்கு நிற்கும்போது கூடைக்குப் பின்னாலிருந்து அவர் கவனத்தைக் கலைப்பதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அரிசோனா ஸ்டேட் மாணவர்கள் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு, எறியும் கணத்தில் திறந்து ஏதாவது கோமாளித்தனம் காட்டுவார்கள். 2016இல் திரைக்குப் பின்னாலிருந்து நீச்சல் உடையில் வந்தவர் மைக்கேல் ஃபெல்ப்ஸ்! ஐரோப்பியப் பதாகை தன் அணியோடு பேசும். இவர்களுடையது எதிரணிக் கண்ணில் மண் தூவும். 'வால்' நேராகக் கூடைக்குப் பின்னால் இருப்பதால் இரண்டையும் நீங்கள் ஒன்றாகச் செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். "செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மூலையில் ஒரு விளம்பரச் சின்னம் மட்டும்" என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே உண்டியல் குலுக்கியும் ஸ்டிக்கர் விற்றும்தானே துணி வாங்கினீர்கள்? அந்தப் பழக்கம்தான் நீங்கள் கொண்டுவர வேண்டியவற்றில் முதலாவது. அடுத்தது, எதிரணிப் பதாகையைப் பறிக்கும் வீரம். மிலானின் 'ஃபோசா தெய் லியோனி' ரசிகர் குழு 1968இல் தோன்றி, பதாகை பறிபோன விவகாரத்தால் 2005இல் கலைந்துபோன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெருமை இங்கே யாருக்கும் புரியாது. வெறும் திருட்டு வழக்காகிவிடும். உங்கள் பதாகைக்கும் ஆபத்து இல்லை, எதிரணி ரசிகர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துத் தரச் சொல்வார்.

தொடங்குவதற்குக் கிளிப்பர்ஸ் வேண்டாம். முதலில் உங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகமான எல்ஏஎஃப்சியின் அரங்குக்குப் போங்கள். வடக்கு மேடையில் 3,252 பேருக்கு இடம். ரசிகர் கூட்டமைப்பின் பெயரே '3252'தான். காப்போ, மேளம், ஸ்பானிய மொழிப் பாட்டு, கையால் தீட்டிய டிஃபோ எல்லாம் அங்கே உண்டு. தூரிகை பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது போய் நில்லுங்கள். எந்த அளவுத் துணிக்கு யாரிடம் அனுமதி கேட்பது, எத்தனை நாள் முன்பு வரைபடம் காட்டுவது என்பதெல்லாம் தீட்டிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். அங்கே கூடைப்பந்தாட்டப் பைத்தியமும் உள்ள பத்துப் பேர் கட்டாயம் அகப்படுவார்கள். அந்தப் பத்துப் பேரோடு 'வாலில்' அடுத்தடுத்த இருக்கைகள் எடுத்து, ஒரு பருவம் வெறும் குரலோடு நின்று பாருங்கள். சுற்றியிருப்பவர்கள் உங்கள் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு அட்டையும் துணியும் பேசலாம்.

துணி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளரங்கு என்பதால் தீப்பற்றுதலைத் தடுக்கும் துணியாக இருக்க வேண்டும். என்எஃப்பிஏ 701 சோதனையில் தேறியது என்ற சான்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். தீட்டிய பிறகு அந்தச் சான்று செல்லுமா என்று அரங்கின் தீயணைப்புப் பொறுப்பாளரிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.