தண்ணீர் வடிகட்டிக்குத் தவணைக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். இளைய மகளுக்கு ஐந்து மாதம், பால்மாதான் கொடுக்கிறோம். சென்ற மாதம் ஒரு விற்பனையாளர் வந்து, எங்கள் குழாய்த் தண்ணீரில் மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டினார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது. அன்று முதல் பாட்டில் தண்ணீர் வாங்குகிறோம். அவர் சொன்ன ஆர்.ஓ. இயந்திரத்தை (தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவது) 24 மாதத் தவணையில் வாங்கலாமா? அவசரத்துக்கு மூன்று மாதச் செலவுப் பணம் சேமிப்பில் இருக்கிறது.

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பழுப்புத் தண்ணீரைக் காட்டினால் யாருக்குத்தான் மனம் பதறாது? ஆனால் நீங்கள் பார்த்தது உங்கள் தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியின் துரு. தண்ணீரில் கரைந்திருக்கும் சாதாரண உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும்போது இரும்புக் கம்பி கரைந்து அப்படிக் கசடாகிறது. அவருடைய இயந்திரத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். பயத்தைக் காட்டிப் பணம் கேட்கும் இந்த வழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது.

அதற்காகக் குழாய்த் தண்ணீர் குறையற்றது என்று சொல்லவில்லை. உண்மையான ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. பழைய குழாய்களிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் ஈயம் கசியலாம். உரம் போட்ட நிலத்திலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீருக்கு இறங்கலாம். அது அளவு மீறினால், பால்மா குடிக்கும் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஒரு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஈயமும் ஆர்செனிக்கும் தலா 10 மைக்ரோகிராம். பலர் நம்பும் டி.டி.எஸ். மீட்டர் இங்கே உதவாது. அது 1 மில்லிகிராம் கணக்கில் மொத்த உப்பை அளப்பது. 10 மைக்ரோகிராம் ஈயம் அதில் நூறில் ஒரு பங்கு. கிருமியும் அதற்குத் தெரியாது.

ஆகவே முதல் செலவு ஆய்வகச் சோதனை. ஈயம், நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், கோலிஃபார்ம் கிருமி ஆகியவற்றைக் கேளுங்கள். ஈயத்துக்கு, இரவு முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற காலையின் முதல் தண்ணீரைப் பிடித்துக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். முடிவு வரும்வரை பால்மாவுக்குப் பாட்டில் தண்ணீரையே கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஈயமும் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

குளோரின் வாடை மட்டும்தான் குறை என்றால் சிறிய கரி வடிகட்டி போதும், அதை மாத வருமானத்திலேயே வாங்கிவிடலாம். ஈயம் தெரிந்தால், ஈயத்தை நீக்குவதாக என்.எஸ்.எஃப்./ஆன்சி 53 என்ற அமெரிக்கத் தரச்சான்று பெற்ற வடிகட்டியாகப் பாருங்கள். கிருமி மட்டும் என்றால், தண்ணீர் தெளிவாக இருக்கும் பட்சத்தில் புற ஊதா விளக்கு போதும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் இருந்தால்தான் ஆர்.ஓ.வின் பெரிய செலவுக்கு நியாயம் உண்டு.

அந்தச் செலவை விலைச்சீட்டில் தேடாதீர்கள். இயந்திரம் 100 என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டிக் குழல்கள் (கார்ட்ரிட்ஜ்), சவ்வு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 30 ஆனால், ஐந்தாண்டில் நீங்கள் கொடுப்பது 250. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 10 லிட்டர் என்றால் ஐந்தாண்டுக்கு 18,250 லிட்டர். மொத்தச் செலவை அதால் வகுத்துப் பாட்டில் தண்ணீரின் லிட்டர் விலையோடு ஒப்பிடுங்கள். ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றினால், ஆண்டுக்கு 10,950 லிட்டர் சாக்கடைக்குப் போகும். தண்ணீருக்கு அளவுக் கட்டணம் செலுத்துகிறவர்கள் அதையும் கூட்ட வேண்டும். குழலை மாற்றாமல் சேமிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றரை ஆண்டு மாற்றாத ஒரு குழலைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்: வெள்ளையாக இருந்த பஞ்சு வழவழவென்று பாசி பிடித்துக் கிடந்தது. அதன் வழியாகத்தான் அந்த வீட்டின் குடிநீர் வந்துகொண்டிருந்தது.

இனி தவணை. மாதத் தொகையை 24-ஆல் பெருக்கி, செயலாக்கக் கட்டணத்தையும் கூட்டுங்கள். பிறகு முழுப் பணத்தையும் உடனே கொடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். ‘வட்டியே இல்லை’ என்று அவர் சொன்னாலும் அந்த வித்தியாசம்தான் வட்டி. நைட்ரேட்டோ ஆர்செனிக்கோ அளவு மீறியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அவசரச் சேமிப்பிலிருந்து எடுத்து வாங்குங்கள். குழந்தையின் உடல்நலமும் அவசரம்தான். பாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை மாதாமாதம் அதே கணக்கில் போட்டு, எடுத்த பள்ளத்தை நிரப்புங்கள். வாங்கும் அன்றே மாற்றுக் குழலின் விலையை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்று, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.