அட்டையில் ஒருவர் பெயர், உள்ளே வேறொருவர் எழுத்து

பிடித்த மாயாஜாலக் கதை எழுத்தாளரின் பெயரைப் பார்த்து வீடியோ கேம் வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள், அந்த எழுத்தாளரே சலித்துப்போனவர்கள் என்று கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவற்றுக்கே. வழக்கம்போல் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதியது என்று சொன்னதால்தான் 'எல்டன் ரிங்' வாங்கினேன். பதினைந்து மணி நேரம் விளையாடிவிட்டேன். அவருடைய நாவல்களில் வருகிற பேச்சு, அரண்மனைச் சதி எதுவுமே கண்ணில் படவில்லை, செத்துச் செத்துப் பிழைப்பதுதான் வேலையாக இருக்கிறது. இது ஏமாற்றுதானே? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், அங் மோ கியோ

பதில்: பணம் வராது தம்பி. ஸ்டீம் என்கிற இணையக் கடையில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், அதுவும் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் கேட்டவுடன் திருப்பித் தருவார்கள். நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

மார்ட்டின் அந்த விளையாட்டுக்கு எழுதிக் கொடுத்தது அதன் பழைய வரலாற்றை. நீங்கள் உள்ளே கால் வைப்பதற்கு வெகு காலம் முன்னால் அந்த உலகத்தில் என்ன நடந்தது, யார் யாருக்குப் பிறந்தார்கள், எதனால் உடைந்தது என்கிற கதை அது. அதை எடுத்துச் சிதறடித்து, நீங்கள் ஒரு வாளையோ மோதிரத்தையோ பொறுக்கிப் பையைத் திறந்து பார்க்கும்போது அதன் கீழே வருகிறதே மூன்று நான்கு வரி, அதற்குள் கொண்டுபோய் வைத்தது இயக்குநர் ஹிடெடாக்கா மியாசாக்கியும் அவருடைய நிறுவனத்தாரும். நீங்கள் கேட்கிற வசனமும் படிக்கிற வரியும் அவர்களுடையவை. இதை அவர்கள் மறைக்கவில்லை, மார்ட்டினும் மறைக்கவில்லை. ஆனால் விளம்பரத்திலும் விற்கிறவர் வாயிலும் அது 'மார்ட்டின் கதை' என்று ஆகிவிட்டது. 2011-க்குப் பிறகு மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல் தொடரில் அடுத்தது வராமல் காத்துக் கிடக்கிற வாசகர்கள், 2022 பிப்ரவரியில் இது வந்ததும் பர்ஸைத் திறந்தார்கள். அந்தப் பசியைத்தான் விற்றார்கள்.

அதற்குப் பத்து வருடம் முன்பும் இதே கதைதான். 2012-ல் வந்த 'கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்' விளையாட்டுக்கு நாவலாசிரியர் ஆர்.ஏ. சால்வடோர் 10,000 ஆண்டு வரலாறு உருவாக்கிக் கொடுத்தார் என்று எங்கு பார்த்தாலும் போட்டார்கள். அது உண்மைதான். ஆனால் பத்தாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது என்பதால், கிராமத்து ஓரத்தில் நிற்கிற ஒருவர் உங்களிடம் 'ஐந்து ஓநாயைக் கொன்று வா' என்று சொல்கிற வேலை சுவையாகிவிடாது. அந்தச் சின்னச் சின்ன வேலைகளையும் பேச்சுகளையும் எழுதியவர்கள் நிறுவனத்துக்குள் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர்கள். அவர்கள் பெயர் முன்னட்டையில் வராது.

எனக்கு மிகவும் வலிக்கிற உதாரணம் 1993-ல் வந்த 'பிட்ரேயல் அட் க்ராண்டர்'. ரேமண்ட் ஈ. ஃபைஸ்ட் தன் நாவல்களில் படைத்த உலகத்தில் நடக்கிறது. ஒரு நாவல்போல அத்தியாயம் அத்தியாயமாகப் போகும், எழுத்தும் நன்றாக இருக்கும். ஃபைஸ்ட் எழுதியது என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள். எழுதியவர் நீல் ஹால்ஃபோர்ட். ஃபைஸ்ட் பிறகு, 1998-ல், அந்த விளையாட்டின் கதையைத்தான் நாவலாக்கினார். அதாவது நாவலாசிரியரிடமிருந்து விளையாட்டுக்குக் கதை போகவில்லை, விளையாட்டிலிருந்து நாவலாசிரியருக்கு வந்தது. நல்ல எழுத்தை எழுதிய ஆளை யாருக்கும் தெரியாமல் போனதற்கு வாங்குகிற நாமும் காரணம், ஏனென்றால் நாம் தெரிந்த பெயரைத் தாண்டி எதையும் படிப்பதில்லை.

நாவலாசிரியர் உண்மையிலேயே உட்கார்ந்து எழுதியதும் உண்டு. ரிச்சர்ட் மார்கன் 2011-ல் வந்த 'க்ரைசிஸ் 2'-க்குக் கதை எழுதினார். ஆனால் அதை விளையாடியவர்களைக் கேட்டால் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். ஏன் என்றால், நாவலில் ஒரு ஆள் கதவைத் திறக்கத் தயங்குவதை எழுத்தாளர் இரண்டு பக்கம் எழுதலாம். விளையாட்டில் அந்தக் கதவைத் திறப்பது நீங்கள். நீங்கள் தயங்கவில்லை என்றால் அந்த இரண்டு பக்கமும் போச்சு. நாவலில் கைதேர்ந்தவருக்கு இந்த வேலையும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அச்சிட வேண்டியிருக்கிறது இல்லையா, அதுபோல இங்கேயும் பின்னட்டையில் யார் உலகத்தைப் படைத்தார், யார் கதை, யார் வசனம் என்று தனித்தனியாகப் போட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதுவரைக்கும், வாங்குவதற்கு முன் யாராவது விளையாடுகிற காணொளியை அரை மணி நேரம், நடுப்பகுதியிலிருந்து பாருங்கள். முன்னோட்டத்தைப் பார்க்காதீர்கள், அது விற்பதற்காக எடுத்தது.

கேள்வி: இணையத்தில் போட்டிருந்த விலை ஒன்று, கட்டும்போது வந்த விலை ஒன்று. வெளிநாட்டு நிறுவனம். திருட்டுத்தானே? – ஈசூன்

பதில்: சிங்கப்பூரின் ஜிஎஸ்டி வரி, 9 விழுக்காடு. வெளிநாட்டிலிருந்து வாங்கும் டிஜிட்டல் சேவைகளுக்கும் 2020 முதல் உண்டு.

கேள்வி: சிறப்புப் பதிப்புப் பெட்டி, 320 வெள்ளி. சிலை, வரைபடம், ஓவியப் புத்தகம், எழுத்தாளரின் முன்னுரை எல்லாம் வரும். இப்போதே முன்பதிவு செய்தால் ஒரு வாள் இலவசம் (விளையாட்டுக்குள்). செய்யலாமா? – செங்காங்

பதில்: வேண்டாம்.

சரி, காரணமும் சொல்கிறேன். இப்படி ஒரு பெட்டி நானும் வாங்கினேன். திறந்தால் சிலையின் மணிக்கட்டு முறிந்து கிடந்தது, ஓவியப் புத்தகம் உள்ளங்கை அளவு, எழுத்தாளரின் முன்னுரை ஒரு பக்கம். கடையில் 'சீல் உடைத்துவிட்டீர்கள், மாற்ற மாட்டோம்' என்றார்கள். சீலை உடைக்காமல் உள்ளே முறிந்திருப்பது யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் 2012 செப்டம்பரிலிருந்து குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்கான 'லெமன் சட்டம்' இருக்கிறது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தரும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுது பார்த்துத் தா, அல்லது மாற்றித் தா என்று கேட்கலாம். சுவரில் 'விற்ற பொருள் மாற்றப்படாது' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் மாற்றித் தந்தார்கள். ஆனால் புத்தகம் சின்னதாக இருப்பதும், முன்னுரை ஒரு பக்கமாக இருப்பதும் குறையில் சேராது. அந்தப் பணம் போனதுதான்.

கேள்வி: கணவரின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு, அவர் சின்ன வயதிலிருந்து படிக்கிற எழுத்தாளர் கையெழுத்திட்ட நாவல் என்று ஒரு தனிநபரிடம் இணையத்தில் 180 வெள்ளிக்கு வாங்கினேன். பேநவ்வில் பணம் அனுப்பினேன். கையெழுத்து அச்சடித்தது. கேட்டதும் அந்த ஆள் கணக்கையே மூடிவிட்டார். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. – வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: அம்மா, உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. பரிசு வாங்குகிறவர் ரகசியமாக வாங்குவார், நாலு பேரிடம் விசாரிக்க முடியாது, இந்த ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலில் ஆதாரம். உரையாடல் முழுவதையும், விளம்பரப் படத்தையும், பணம் போனதற்கான பதிவையும் இன்றைக்கே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தளத்துக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள், போலீசிலும் புகார் கொடுங்கள். தொகை சின்னது என்று தயங்க வேண்டாம், இதே ஆள் இன்னும் பத்துப் பேரிடம் இதைச் செய்திருக்கலாம். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

பயனீட்டாளர் சங்கம் வணிகர்கள் மீதான புகாரைத்தான் எடுக்கும், தனிநபர் தனிநபருக்கு விற்றதை எடுக்காது. ஆனால் சிறு உரிமைகோரல் மன்றத்துக்கு நீங்கள் போகலாம். 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை அங்கே விசாரிப்பார்கள், உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, வாதாட அவர்களை அனுமதிப்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும் என்பதுதான் சிக்கல், போலீஸ் புகார் அதனாலும் முக்கியம்.

அடுத்த முறைக்கு ஒரு விஷயம். கையெழுத்துப் பக்கத்தைச் சாய்வாக விளக்கில் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேனா ஓடிய இடத்தில் பெரும்பாலும் காகிதம் கொஞ்சமாவது அழுந்தியிருக்கும், மை ஒரே சீராக இருக்காது. அச்சடித்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நேர்மையாக விற்கிறவர் அந்தப் படத்தை அனுப்பத் தயங்க மாட்டார்.

கணவரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: டிஸ்க் வாங்கிவிட்டேன். என் பிளேஸ்டேஷன் 5-ல் போடுவதற்கு இடமே இல்லை. கடையில் சொல்லவே இல்லை. புகார் செய்யலாமா? – ஜூரோங் வெஸ்ட்

பதில்: எதற்குப் புகார்? உங்களிடம் இருப்பது டிஜிட்டல் பதிப்பு, அது வந்த பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 2023 கடைசியில் வந்த மெலிந்த மாடல் என்றால் டிஸ்க் கருவியைத் தனியாக வாங்கி மாட்டலாம். பழைய மாடல் என்றால் பிரிக்காமல் கொண்டுபோய்த் தன்மையாகக் கேளுங்கள், மாற்றித் தந்தால் அது அவர்கள் பெருந்தன்மை.

கேள்வி: உயர்நிலையிலும் தேசிய சேவையிலும் சால்வடோரின் இருண்ட எல்ஃப் நாவல்களைத்தான் படித்தேன். அலமாரி முழுக்க அவைதான். போன மாதம் முதல் நாவலைத் திரும்ப எடுத்தேன், நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு வாள்சண்டையும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனாலும் புதிய புத்தகம் வந்தால் கை தானாகவே போகிறது. மனைவி எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொல்கிறார். என்ன செய்ய? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: முதல் நாவல் 1988-ல் வந்தது. அந்த நாயகனை வைத்து இதுவரை முப்பதுக்கும் மேல். எழுத்தாளர் மாறவில்லை, மாற வேண்டும் என்று அவருடைய பதினைந்து வயது வாசகர்கள் கேட்கவும் இல்லை. நீங்கள்தான் கல்யாணம், கடன், அப்பா அம்மாவின் மருத்துவமனை என்று வேறு ஆளாகிவிட்டீர்கள். தேக்காவில் மாத நாவல் வாங்கி ஒரே இரவில் முடித்த எங்கள் தலைமுறைக்கும் இது நடந்தது. அந்த நாவல்கள் மோசம் என்று பிறகு பேசித் திரிந்தவர்களை எனக்குப் பிடிக்காது. அவை எங்களைப் படிக்க வைத்தன. உங்கள் வாள்சண்டைகளும் உங்களைப் படிக்க வைத்திருக்கின்றன, அதனால்தான் இப்போது அவை போதவில்லை.

புதியதை வாங்காதீர்கள். தேசிய நூலக வாரியத்தில் எடுங்கள், மின்னூலாகவும் எடுக்கலாம், முதல் அத்தியாயம் பிடித்தால் அப்புறம் கடைக்குப் போகலாம். பழக்கத்துக்காகப் போடுகிற இருபத்தைந்து வெள்ளி எழுத்தாளருக்குச் செய்கிற மரியாதையும் இல்லை, உங்களுக்கும் ஒன்றும் தராது. மீதி மிச்சத்தையும் முடித்தே தீர வேண்டும் என்று எந்தக் கடனும் உங்களுக்கு இல்லை.

அலமாரியை மொத்தமாகக் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, மீதியை பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் இருக்கிற பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள், வெகுஜனப் பதிப்புகள் அவர்களிடம் ஏற்கெனவே குவிந்திருக்கும். புளோக்கில் பதினான்கு வயதுப் பையனோ பெண்ணோ இருந்தால் சும்மா கொடுங்கள், அதுதான் என் முதல் யோசனை.

கேள்வி: பிராண்டன் சாண்டர்சனின் 'இன்ஃபினிட்டி பிளேட்' குறுநாவலைப் படித்த அண்ணன் மகள் அந்த விளையாட்டையும் கேட்கிறாள். ஒருவர் அது ஏற்றிய பழைய ஐபேடை 250 வெள்ளிக்குத் தருகிறார். வாங்கலாமா? – பொங்கோல்

பதில்: வாங்காதீர்கள் அக்கா. அந்த விளையாட்டுகளை 2018 டிசம்பரில் ஆப் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த ஐபேடில் இருப்பது விற்பவரின் கணக்கில் வாங்கியது. அவர் கணக்கை நீக்கினாலோ, நீங்கள் ஒருமுறை துடைத்துப் புதிதாக்கினாலோ போய்விடும், திரும்ப இறக்க உங்களால் முடியாது. நீக்காமல் வாங்கினால் வேறொருவரின் பூட்டுக்குள் மாட்டிக்கொள்வீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் இப்படி ஒருநாள் கடையிலிருந்தே காணாமல் போவது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு நீங்கள் 250 வெள்ளி கட்ட வேண்டாம். சாண்டர்சனின் மற்ற நாவல்களைப் பிள்ளைக்கு நூலகத்தில் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: 'விட்சர்' நாவல்களைப் படித்துவிட்டு விளையாட வேண்டுமா, விளையாடிவிட்டுப் படிக்க வேண்டுமா? – கிளமெண்டி

பதில்: எந்த வரிசையிலும். விளையாட்டுகளின் கதையை நாவலாசிரியர் சப்கோவ்ஸ்கி எழுதவில்லை, அவை நாவல்களின் முடிவுக்குப் பிறகு நடப்பதாக நிறுவனமே எழுதியவை. உரிமையை ஆரம்பத்தில் ஒரே தொகைக்கு விற்றுவிட்டு, விளையாட்டுகள் கோடிக்கணக்கில் விற்ற பிறகு 2018-ல் ஆறு கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டார், 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் நாவல் என்றால் சிறுகதைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள், நீண்ட தொடரில் நேராக இறங்காதீர்கள்.

கேள்வி: அமலூர் விளையாட்டு 2020-ல் மறுபடி வந்திருக்கிறது. முழு விலைக்கு வாங்கலாமா? – உட்லண்ட்ஸ்

பதில்: தள்ளுபடி வரட்டும். சண்டை பிடிக்கும் என்றால் வாங்குங்கள், அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. கதைக்காக என்றால் முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.