எல்லோரும் பாராட்டிய யோசனை

அன்புள்ள ஐயா,

மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். துளையிடும் கருவி, ஏணி, கூடாரம் என்று வீடுகளில் சும்மா கிடக்கும் பொருட்களை அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் வாடகைக்கு விட்டுக்கொள்ள ஓர் இணையதளம் தொடங்க நினைக்கிறேன். கேட்ட அனைவரும் அருமையான யோசனை என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள்.

பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாராட்டுவதற்குக் காசு செலவாவதில்லையே! 'இப்படி ஒரு தளம் வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்பவர் அரிது. கடைசியாக ஏணி தேவைப்பட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன், வேலைக்கு வந்தவரே கொண்டுவந்தார், மலிவாக ஒன்று வாங்கிப் போட்டேன் என்பார்கள். உங்கள் போட்டியாளர்கள் இவைதாம். வேறு இணையதளங்கள் அல்ல.

இந்த யோசனை புதிதும் அல்ல. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் இதே எண்ணத்துடன் சில நிறுவனங்கள் கிளம்பின. பத்திரிகைகள் கொண்டாடின. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன, அல்லது வேறு தொழிலுக்குத் தாவின. அதே காலத்தில்தான், வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளம் வளர்ந்தது. அதுவும் சும்மா கிடப்பதை வாடகைக்கு விடும் தொழில்தான். ஆனால் அறைக்கு ஓர் இரவு வாடகையே கணிசமான தொகை. முன்பின் தெரியாதவரை நம்பும் தயக்கம், சாவி கைமாறும் தொல்லை, தளத்தின் தரகு எல்லாவற்றையும் அது தாங்கும். துளையிடும் கருவியின் வாடகையோ, போய் வாங்கிவந்து திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும் அலைச்சலுக்கே காணாது. கருவி பழுதாகித் திரும்பினால் எழும் பஞ்சாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நான் சொல்லும் எண்கள் கற்பனைதான், உங்களுடையதை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். வாடகை 100 என்றால் தரகு 15. பணம் செலுத்தும் சேவைக்கு 3 போனால் மிச்சம் 12. விளம்பரம் செய்து ஒருவரை வரவழைக்க 60 ஆகிறது என்றால், அவர் ஐந்து முறை வந்தால்தான் போட்ட முதலே கைக்குத் திரும்பும். ஏணியோ ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவது. அதைவிட மோசம், இரண்டாம் முறை அவர் உங்களிடம் வரவே மாட்டார். ஏணிக்காரரின் தொலைபேசி எண்தான் கையில் இருக்கிறதே!

இதையெல்லாம் மீறி ஆசை விடவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். அதற்குத் தளம் கட்டத் தேவையில்லை. 1999இல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையம்வழி காலணி விற்கத் தொடங்கியபோது சரக்கு வாங்கி அடுக்கவில்லை. உள்ளூர்க் கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். யாராவது கேட்டால் கடைக்குப் போய் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். லாபம் இல்லைதான். ஆனால் அணிந்து பார்க்காமல் காலணி வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. ஜாப்போஸ் ஆக வளர்ந்த அந்த நிறுவனத்தை 2009இல் அமேசான் வாங்கியது.

உங்களுக்கு ஒரு குடியிருப்பும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். பொருட்களை நீங்களே திரட்டி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள், முன்பணம் வாங்குங்கள். எத்தனை பேர் குழுவில் சேர்ந்தார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், பணம் கொடுத்தவர்களில் யார் மறுபடி வந்தார்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். இரண்டு மாதத்தில் ஒருவரும் திரும்பவில்லை என்றால் விட்டுவிடலாம்.

பொருளை மாற்றினால் கணக்கும் மாறலாம். படப்பிடிப்புக் கேமராவும் லென்ஸும் விலை அதிகம், பக்கத்து வீட்டில் இரவல் கிடைக்காது, வாடகைக்கு எடுப்பவர் அவற்றை வைத்துச் சம்பாதிப்பவர். அந்த வாடகைத் தொழில் இன்றும் நடக்கிறது. திருமணப் படம் எடுப்பவர்கள் நாலைந்து பேரைப் பிடித்து, கடைசியாக எதை வாடகைக்கு எடுத்தார்கள், அதில் என்ன எரிச்சல் என்று கேளுங்கள். உங்கள் யோசனையை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், அவர்களும் பாராட்டிவிடுவார்கள்.