மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஸ்கூட்டர்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு மோட்டார்ஹோம் (வீடு போல உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்கியிருக்கிறோம். வருடத்தில் 5 மாதம் அதில்தான் சுற்றப்போகிறோம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மருந்துக் கடைக்குப் போவதென்றால்கூடப் பெரும்பாலும் 10 கிலோமீட்டர். அதனால் பின்னால் கேரியர் பொருத்தி, 125 சிசி ஸ்கூட்டர் ஒன்றை ஏற்றிக்கொள்ள நினைக்கிறோம். எரிபொருள் மிச்சத்திலேயே ஸ்கூட்டர் விலை வந்துவிடும் என்கிறார் நண்பர். 6 மாதச் செலவுக்கென்று ஒதுக்கிய அவசரகால நிதியிலிருந்து எடுக்கலாமா, தவணையில் வாங்கலாமா?

பதில்: இந்த வருடம் இரண்டுமே வேண்டாம். முதல் பயணத்தில், நாலைந்து நாளுக்கு மேல் தங்கும் இடங்களில் மட்டும் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அடுத்த வருடம் வாங்கலாமா என்பதை அந்தப் பயணத்தின் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.

முதலில் நண்பரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். போக வர 20 கிலோமீட்டர். மோட்டார்ஹோம் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் 3.3 லிட்டர் செலவு. லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டருக்கு அரை லிட்டர்கூட ஆகாது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2.9 லிட்டர் மிச்சம். 5 மாதத்தில் இப்படி 50 தடவை போனால் 145 லிட்டர். ஆனால் ஸ்கூட்டர் சும்மா வரவில்லை, அதைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறீர்கள். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட 1,333 லிட்டர் வேண்டும். சுமையால் 2 சதவீதம் கூடினாலே 27 லிட்டர் அதில் போய்விடும். மீதி 118 லிட்டர். அதை நீங்கள் எரிபொருள் போடும் விலையால் பெருக்கி, ஸ்கூட்டர் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விலை திரும்பி வருவதற்குள் ஸ்கூட்டர் பழசாகிவிடும்.

நண்பர் சொல்லாமல் விட்ட இன்னொரு பக்கம், வருடா வருடம் தவறாமல் வரும் செலவு. ஸ்கூட்டரின் விலையை 100 பங்கு என்று வையுங்கள். கேரியர், ஸ்கூட்டரை அதில் கட்டும் பெல்ட், பொருத்தும் கூலி எல்லாம் 30 பங்கு. 4 வருடம் கழித்து இரண்டையும் விற்றால் 50 பங்கு கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால், தேய்மானம் மட்டும் வருடத்துக்கு 20. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 8. போட்ட 130 பங்கு வைப்பு நிதியில் 6 சதவீதத்தில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டி இன்னொரு 8. மொத்தம் 36. ஸ்கூட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருடந்தோறும் கரைகிறது. இவை நான் போட்டுப் பார்த்த எண்கள்தான். உங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

இப்போது ஒரு நாள் வாடகையை விசாரியுங்கள். அது ஸ்கூட்டர் விலையில் நூறில் ஒரு பங்கு என்றால், வருடத்துக்கு 36 நாளுக்கு மேல் ஓட்டினால்தான் சொந்த ஸ்கூட்டர் லாபம். இருநூறில் ஒரு பங்கு என்றால் 72 நாள். 150 நாள் பயணத்தில் வண்டி நகரும் நாள், மழை நாள், எங்கேயும் போகத் தோன்றாத நாள் எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. அதற்காகத்தான் முதல் பயணத்தில் வாடகை என்கிறேன். காலண்டரில் ஓட்டிய நாளுக்கு ஒரு கோடு போட்டுவந்தால் போதும். ஓட்ட நினைத்து வாடகை வண்டி கிடைக்காமல் போன நாளையும் குறியுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை எடை. மோட்டார்ஹோமின் தகட்டில் அதிகபட்ச எடை 3,500 கிலோ என்று இருந்து, காலி வண்டி 3,050 கிலோ என்றால், உங்கள் கையில் இருப்பது 450 கிலோ. நீங்கள் இரண்டு பேர் 140. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், அதாவது 100 கிலோ. கேஸ் சிலிண்டர், கூடுதல் பேட்டரி, பாத்திரம், துணிமணி, மடக்கு நாற்காலி என்று 120. மிச்சம் 90 கிலோதான். 105 கிலோ ஸ்கூட்டரும் 40 கிலோ கேரியரும் சேர்ந்தால் 145. விற்பவர் ‘தாராளமாகத் தாங்கும்’ என்பார். அவர் சொல்வது கேரியரின் தாங்கும் திறனை, உங்கள் வண்டியின் திறனை அல்ல.

அதோடு, பின்னால் தொங்கும் எடை தன் எடையளவில் நிற்காது. முன், பின் ஆக்சில்களுக்கு (சக்கரங்களைத் தாங்கும் அச்சுகளுக்கு) இடையே 4 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து ஸ்கூட்டர் 2.5 மீட்டர் பின்னால் என்றால், 145 கிலோ பின் ஆக்சிலில் 235 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலில் 90 கிலோ குறையும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும், ஸ்டியரிங்கும் லேசாகிவிடும். ஆகவே பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன், பயணத்துக்குக் கிளம்புவது போலவே தண்ணீர், சாமான் எல்லாம் நிரப்பி, இருவரும் உட்கார்ந்து, எடை மேடையில் மொத்த எடையையும் ஒவ்வொரு ஆக்சிலின் எடையையும் தனித்தனியாக எடுங்கள். அந்தச் சீட்டில் இடம் இல்லையென்றால் இந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. வரம்பை மீறிய சுமையோடு விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்க இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போல ஆகும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேரியர் பொருத்தியதை மோட்டார்ஹோம் பாலிசியில் பதிய வேண்டுமா? ஸ்கூட்டர் கேரியரில் இருக்கும்போது திருடு போனால் எந்த பாலிசி பொறுப்பு? உங்கள் பயண மருத்துவக் காப்பீடு இருசக்கர வாகன விபத்தை ஏற்குமா, எத்தனை சிசி வரை? வாடகை ஸ்கூட்டருக்கும் இந்தக் கடைசிக் கேள்வி உண்டு. ஓட்டுபவரிடம் அந்த வகை வண்டிக்கான உரிமம் இல்லையென்றால் பாலிசி இருந்தும் பயனில்லை.

சில்லறைச் செலவுகளும் உண்டு. படகில் வண்டியை ஏற்றும் இடங்களில் பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான் கட்டணம், கேரியர் அந்த நீளத்தைக் கூட்டும். பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் ஸ்கூட்டர் மறைத்தால் தனி விளக்குப் பலகை வேண்டும். பெல்ட்டுகள் உலோக விளிம்பில் உரசிப் பிசிறு விடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கிளம்பிப் பத்து, இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கவும் வேண்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் யோசனை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மோட்டார்ஹோமின் 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட் மின்சாரம். 3 யூனிட் பிடிக்கும் ஸ்கூட்டர் பேட்டரியை அதிலிருந்து நிரப்ப முடியாது.

ஸ்கூட்டருக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். ஒரு மாத்திரை அட்டைக்காக வெளிப்பந்தலைச் சுருட்டி, மின்கம்பியைக் கழற்றி, கூரை ஜன்னலை மூடி, அலமாரிக் கதவுகளைத் தாழிட்டுக் கிளம்புவது பெரிய அலுப்பு. திரும்பி வரும்போது நல்ல இடம் பறிபோயிருக்கலாம். மோட்டார்ஹோம் பழுதாகி நின்றால் மெக்கானிக்கைத் தேடிப் போக ஒரு வண்டி கையில் இருக்கும். இவற்றுக்கு விலை போட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. அடுத்த வருடம் காலண்டர் கோடுகளின் எண்ணிக்கை, சொந்த ஸ்கூட்டர் லாபமாகும் அந்த 36 அல்லது 72 நாளுக்கு நாலைந்து நாள் குறைவாக இருந்தால்கூட, எடைச் சீட்டு அனுமதித்தால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்போதும் புதிது வேண்டாம். இரண்டு, மூன்று வருடம் ஓடிய 110 சிசி போதும். முதல் உரிமையாளர் தேய்மானத்தின் பெரும்பகுதியை ஏற்றிருப்பார். எடைச் சீட்டில் சொற்ப இடம்தான் இருக்கிறது என்றால், ஆளுக்கொரு எலெக்ட்ரிக் சைக்கிள் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 50 கிலோ அளவில் முடியும். 10 கிலோமீட்டர் தூரமும் அதற்குச் சாத்தியம்தான், மேடு அதிகமில்லையென்றால்.

அவசரகால நிதியைத் தொடாதீர்கள். மோட்டார்ஹோம் வாங்கிய பிறகு அந்த நிதிக்கு வேலை கூடியிருக்கிறது: ஒரு கியர்பாக்ஸ் பழுது, வீட்டை விட்டுத் தூரத்தில் ஒரு மருத்துவமனைச் செலவு. ஊதியம் நின்ற பிறகு தேயும் பொருளுக்குத் தவணை கட்டுவதும் சரியில்லை. பயணத்தில் இல்லாத 7 மாதங்களில் தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டுவாருங்கள். பழைய ஸ்கூட்டர் விலை சேராவிட்டால், பாக்கிக்கு முதிர்வடையும் வைப்பு ஒன்றின் வட்டியை மட்டும் எடுங்கள். அசலில் கை வைக்காதீர்கள்.