ஸ்தோத்திரக் காணிக்கைக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். மூன்று மாதங்களுக்கு முன் என் கணவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. கர்த்தர் அவரை உயிரோடு திருப்பித் தந்தார். அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில், "என் மகன் பிழைத்தால் மருமகளின் சங்கிலியைக் கோவிலுக்குச் செலுத்துகிறேன்" என்று என் அத்தை பொருத்தனை பண்ணிவிட்டார். அந்தச் சங்கிலி இப்போது அடகில் இருக்கிறது. வட்டிக்கு வாங்கிய கடனும் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஸ்தோத்திரப் பண்டிகை, அதாவது நன்றிக் காணிக்கை செலுத்தும் பண்டிகை. வெறுங்கையோடு போகக் கூசுகிறது. இன்னொரு கடன் வாங்கியாவது செலுத்திவிடலாமா? பணம் இல்லாதவர்கள் கர்த்தருக்கு எதைத்தான் கொடுப்பது? காணிக்கைக் கவரில் பெயர் எழுதாமல் போடலாமா?
— தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்:

அன்பு மகளே, இன்னொரு கடன் வேண்டாம். மற்றவற்றைப் படிக்கும்முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவருடைய பணத்தை எடுத்துக் கர்த்தருக்கு நன்றி சொல்ல முடியாது. அந்த வட்டியை உங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் கட்டுவீர்கள்.

"வெறுங்கையோடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கர்த்தருடைய சந்நிதியில் வெறுங்கையோடு வரக்கூடாது என்கிற உபாகமம் 16-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனம். காணிக்கை எடுக்கும் நேரத்தில் அதை வாசிக்காத சபை குறைவு. அடுத்த வசனத்தை வாசிக்கும் சபையும் குறைவு என்பதுதான் என் ஆதங்கம். கர்த்தர் அருளிய ஆசீர்வாதத்துக்குத் தக்கதாக, அவனவன் தன் தகுதிக்கு ஏற்றபடி கொண்டுவர வேண்டும் என்று 17-ஆம் வசனம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே கட்டளை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலும் இதையேதான் சொல்கிறார்: மனவிருப்பம் இருந்தால் போதும், ஒருவனிடம் இல்லாததை வைத்து அல்ல, உள்ளதை வைத்தே அவன் காணிக்கை அங்கீகரிக்கப்படும்.

இனிப் பொருத்தனைக்கு வருகிறேன். இதை லேசாகத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். செய்த பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி புத்தகம் கண்டிப்பாகவே சொல்கிறது. ஆனால் பொருத்தனையைப் பற்றிய சட்டம் லேவியராகமம் 27-இல் இருக்கிறது. அதை நாம் திறந்து பார்ப்பதே இல்லை. ஓர் ஆளைக் கர்த்தருக்கென்று பொருத்தனை செய்தால் அதற்கு ஈடான தொகை அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. 20 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30 சேக்கல். அன்றைய ஏழைக்கு அது எட்டாத தொகை. அதனால் 8-ஆம் வசனத்தில் ஒரு வழி திறக்கப்படுகிறது. அவ்வளவு செலுத்த முடியாதவன் ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும். ஆசாரியன் அவனுடைய திராணியைப் பார்த்து வேறு மதிப்புப் போட வேண்டும். பயத்திலும் கண்ணீரிலும் மனிதர் அளவு மீறிப் பேசிவிடுவார்கள் என்பது மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்துக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. தாவீது ராஜா பலிபீடம் கட்டுவதற்காக அர்வனா என்பவனுடைய களத்தை இலவசமாக வாங்க மறுத்து, 50 சேக்கல் வெள்ளி கொடுத்தான். தனக்குச் செலவில்லாமல் வாங்கியதைக் கர்த்தருக்குச் செலுத்தமாட்டேன் என்றான். அத்தை நேர்ந்தது உங்கள் சங்கிலியை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகன் உள்ளே கிடக்கும்போது ஒரு தாய் கண்ணில் பட்டதை நேர்ந்துவிட்டார். ஆனாலும் ஒருவர் தனக்குச் சொந்தமானதைத்தான் நேர முடியும். ஆகவே பண்டிகைக்கு முன் ஒருநாள் அத்தையும் நீங்களும் சேர்ந்து உங்கள் சேகர குருவானவரைப் போய்ப் பாருங்கள். அடகு, கடன், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தையால் தன் கையிலிருந்து எது முடியுமோ, ஒரு கோழியோ, ஒரு நாள் கூலியோ, அதையே அந்தப் பொருத்தனைக்கு ஈடாக வைத்து ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் மட்டும் போய்விட்டு வந்து அத்தையிடம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர் காதால் கேட்டால்தான் அவர் நெஞ்சு ஆறும்.

தொலைக்காட்சியில் "விதைத்தால் நூறத்தனையாய் அறுப்பீர்கள், கடன் வாங்கியாவது விதையுங்கள்" என்று சிலர் பேசுவதை நீங்களும் கேட்டிருக்கலாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. திரும்ப வாங்குவதற்காகக் கொடுத்தால் அது முதலீடு. உங்கள் கணவரின் உயிர் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதற்கு விலை கேட்டு யாரும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லை.

சரி, எதைக் கொடுப்பது? பழைய ஏற்பாட்டில் ஸ்தோத்திரபலி, அதாவது நன்றிப் பலி, எப்படி நடந்தது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். லேவியராகமம் 7-ஆம் அதிகாரம் அதை விவரமாகச் சொல்கிறது. கொழுப்பு பலிபீடத்தில் எரியும். நெஞ்சுப் பகுதியும் ஒரு தொடையும் ஆசாரியருக்கு. மீதி இறைச்சி முழுவதும் கொண்டுவந்தவன் வீட்டுக்கே. கூடவே எண்ணெய் சேர்த்த புளிப்பில்லாத அப்பங்கள், அவற்றோடு புளித்த அப்பமும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியுமட்டும் எதையும் மீதி வைக்கக்கூடாது. பொருத்தனை பலிக்கும், மனமுவந்து செலுத்தும் உற்சாக பலிக்கும் மறுநாள் வரை தவணை இருந்தது. நன்றிக்கு மட்டும் இல்லை. ஓர் ஆட்டையோ மாட்டையோ ஒரு வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? பக்கத்து வீட்டாரையும் ஏழைகளையும் கூப்பிட்டே ஆக வேண்டும். ஏன் இந்த விருந்து என்று கேட்பவர்களுக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில் அசனப் பண்டிகை நடத்துகிறோமே, ஒருவர் அரிசியும் ஒருவர் ஆடும் ஒருவர் விறகும் கொண்டுவந்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறதே, அது இந்தப் பலிக்கு மிகவும் நெருக்கமானது. பண்டிகை நாளில் ஒரு படி அரிசியைக் கொடுத்துவிட்டு, காய் நறுக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். அல்லது ஒரு ஞாயிறு மதியம், வீட்டில் ஆக்கும் குழம்பையே கொஞ்சம் கூடுதலாக ஆக்கி, தெருவில் தனியாக இருக்கும் ஒரு கிழவியைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். அதுவும் ஸ்தோத்திரபலிதான். எபிரெயர் நிருபம் 13-ஆம் அதிகாரம் உதடுகளின் கனியாகிய துதியையும் தானதர்மத்தையும் அடுத்தடுத்த வசனங்களில் வைத்து, இரண்டையுமே பலி என்கிறது.

பிடி அரிசியை மறந்துவிடாதீர்கள். நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். மிசோரத்தில் 1910-இல் சபைப் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் நடக்கிறது. அங்குள்ள சபைகளின் ஊழியத்தில் பெரும் பங்கு அந்தக் கைப்பிடி அரிசியால் நடந்திருக்கிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்று உறுதி எடுத்தார்கள். அந்த இந்தியப் பணம் யாரிடமிருந்து வந்தது? உங்களையும் என்னையும் போன்றவர்களின் வீடுகளிலிருந்துதான். வேளைக்கு ஒரு பிடி எடுத்துவைத்தால் பண்டிகைக்குள் ஒரு சிறு பை நிறைந்துவிடும். வீட்டில் யாரும் பசியோடு எழுந்திருக்கவும் மாட்டார்கள்.

உங்களிடம் மட்டுமே உள்ள ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு முழுவதும் விழித்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒருநாள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், துணைக்கு ஆளில்லாமல் இருக்கும் ஒருவரோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். ஒரு பிளாஸ்க் கஞ்சி கொண்டுபோனால் போதும். உங்கள் கணவருக்கு யாரோ கொடுத்த இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அதையும் யோசியுங்கள். அவரால் இனிக் கொடுக்க முடியாது. நீங்கள் 18 வயதைக் கடந்து, குறைந்தது 45 கிலோ எடையும், ஹீமோகுளோபின் 12.5 கிராமும் உள்ளவராக இருந்து, மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால் கொடுக்கலாம். பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வாலிபர் ஐக்கியத்துப் பையன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருந்துக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் வாசியுங்கள். கணவரின் மாத்திரைக்கும் அதே நியாயம்தான். கடனைச் சொன்ன தேதியில் கட்டுவதும் கர்த்தர் பார்க்கிற காரியமே. சங்கிலி மீண்டு வந்த பிறகு உங்கள் மனதில் என்ன தோன்றுகிறதோ அதை அப்போது செய்யலாம்.

கடைசியாகக் கவர். பெயர் எழுதத் தேவையில்லை. "ஸ்தோத்திரக் காணிக்கை, ஒரு குடும்பம்" என்று மட்டும் எழுதிப் போடுங்கள். பெயரும் தொகையும் வாசிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், வாசிக்க வேண்டாம் என்று செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே பத்து ரூபாய் இருந்தாலும் சரி. பிள்ளை பெற்ற சுத்திகரிப்புக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும்; முடியாதவர்கள் இரண்டு புறாக்குஞ்சுகளைக் கொண்டுவரலாம் என்று சட்டம் இருந்தது. இயேசுவைக் கையில் ஏந்தி எருசலேம் தேவாலயத்துக்குள் போன மரியாள் செலுத்தியது அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான். உங்கள் கணவரை உங்கள் பக்கத்தில் நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆராதனை முடிந்ததும் அவரையே எழுந்து நின்று இரண்டு வார்த்தை சாட்சி சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்தே சொல்லட்டும்.